கணையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

ஒரு பெப்டைடுக்குத் தன் பெயரின் எழுத்துகளைச் சூட்டியவன் எவ்வளவு அடக்கமானவனாக இருப்பான் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். டிஎம்-4. டிஎம் என்றால் என்ன என்று கேட்டவர்களிடம் 'ட்யூமர் மார்க்கர்' என்று சொல்லிவிட்டு, அவர்களாகவே 'திருமூர்த்தி'யைக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் நானே சொல்ல வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஈயச் சுவர்களுக்கு நடுவே எனக்கு வேலை. பெட் ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்கு ஊசி வழியே ஏற்றும் கதிரியக்க மருந்தைத் தினமும் காலையில் புதிதாகத் தயாரிக்க வேண்டும். முதல் நாளே செய்துவைக்க முடியாது. காலியம் என்கிற அந்தத் தனிமத்தின் வீரியம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலானால் பாதியாகிவிடும். கனமான ஈயப் பானை ஒன்றுக்குள் இருக்கும் கருவியில் அமிலத்தை விட்டு அதை இறக்குவோம். எங்கள் தொழிலில் அந்தக் கருவிக்குப் பசு என்று பட்டப்பெயர். "பசுவைக் கறந்தாச்சா?" என்பதுதான் எங்கள் பிரிவில் காலை வணக்கம். கறந்ததை, உடம்புக்குள் போய்க் குறிப்பிட்ட செல்களில் ஒட்டிக்கொள்ளும் பெப்டைடு என்கிற சின்னப் புரதத் துண்டோடு சேர்த்துச் சூடாக்கி, சரியாக ஒட்டியிருக்கிறதா என்று சோதித்து, மாடிக்கு ஓட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், நான் பிஎச்.டி. படித்த பால்காரன்.

பால்காரனாகவே இருந்திருக்கலாம். விஞ்ஞானி ஆக ஆசைப்பட்டேன்.

என் மனைவி சுபாஷினி அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. காலியம் உமிழ்கிற, கேமராவில் புள்ளியாகத் தெரிய வைக்கிற பாசிட்ரானைப் பற்றி அவளுக்கு என்னைவிட நன்றாகச் சொல்ல வரும். ஆகவே நான் பெப்டைடைப் பற்றி மட்டும் பேசுவேன். டிஎம்-4இல் அப்படி என்ன புதுசு என்று ஒருநாள் கேட்டாள்.

"இப்ப இருக்கற பெப்டைடெல்லாம் கட்டி வந்தப்புறம்தான் போயி ஒட்டும், சுபா. என்னோடது, ஒரு செல் கெட்டுப்போக ஆரம்பிக்குது பாரு, அப்பவே போயி ஒட்டிக்கும். அதோட முதுகுல காலியம் இருக்கறதால கேமராவுல ஒரு புள்ளியாத் தெரியும். கட்டி வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே தெரிஞ்சுரும்."

"தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க? வெட்டி எடுத்துருவீங்களா?"

"அத்தனை சின்னதை வெட்ட முடியாது. அதுக்குள்ள மருந்து கண்டுபிடிச்சிருவாங்க."

"யாரு?"

"யாராவது."

அவளுக்கு விஞ்ஞான மனப்பான்மை போதாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எலிகளில் சோதனை முடிந்திருந்தது. புள்ளி தெரிந்த இடத்தில் வெட்டிப் பார்த்தால் கெட்ட செல்கள் இருந்தன. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. அடுத்து ஆரோக்கியமான மனிதர்கள் வேண்டும். தன் மருந்தைத் தானே முதலில் ஏற்றிக்கொண்ட விஞ்ஞானி என்று பத்திரிகையில் வருவது நன்றாக இருக்கும் என்பதால் நான் முதல் ஆளாகப் படுத்தேன். மனைவியும் படுத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சுபாஷினியையும் கூட்டிவந்தேன். புகைப்படக்காரர் வந்திருந்தார். நான் தலைவாரிக்கொண்டேன்.

படங்களைப் பார்த்துச் சொல்வது டாக்டர் பெனிட்டாவின் வேலை. நாகர்கோவில்காரர், அதிகம் பேசாதவர். சுபாஷினியின் உடம்பு கழுவிவைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. என்னுடையதில், கணையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. கடுகைவிடச் சின்னது. கேமரா கோளாறாக இருக்கும் என்று வேறு கேமராவில் பார்த்தோம். மருந்து சரியில்லையோ என்று மறுநாள் நானே மறுபடியும் தயாரித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு மருந்தைச் செய்ததில்லை. புள்ளி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

சுபாஷினியிடம் சொல்வதற்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு பெஞ்சைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்வதாக நாங்கள் முடிவு செய்திருந்தோம். எனக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, அவளுக்கு முப்பத்தைந்து. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பத்து வருஷம் இருக்குதில்லீங்க?" என்றாள். "பத்து வருஷத்துல ஒரு கொழந்தைக்கு நல்ல அப்பாவா இருக்கலாம். செல பேரு அம்பது வருஷம் இருந்தும் இருக்கறதில்ல."

நான் வசனத்தை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஆகவே அவள் சொன்னதைக் கேட்கவில்லை. "தகப்பனை இழக்கப்போகிற ஒரு பிள்ளையை என்னால் இந்த உலகத்துக்குக் கொண்டுவர முடியாது, சுபா" என்றேன், எழுதி வைத்துப் படிக்கிற தமிழில்.

அவள் எழுந்து தனியாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து என் தோளில் சாய்ந்து அழுவாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். மாவு புளித்துவிடும், போகலாம் என்றாள்.

அதன்பிறகு நான் சாகப்போகிறவனாக வாழத் தொடங்கினேன். அந்த வேடம் எனக்கு இவ்வளவு பொருந்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. என் குரல் தாழ்ந்தது. சூரிய உதயத்தைப் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதினேன். சூரியன் உதிக்கும் நேரத்தில் நான் எழுந்திருப்பதே இல்லை என்பது வேறு விஷயம். நிலத்தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த பெரியப்பா மகனை உடுமலைப்பேட்டைக்குத் தேடிப்போய் மன்னித்துவிட்டு வந்தேன். தவறு என் பக்கம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்ததால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எண்ணெய் ஆகாது, சர்க்கரை ஆகாது, உப்பு பாதி என்று ஒரு பத்தியம். அதை நான் அறிவித்தேன். சமைத்தது சுபாஷினி. காலை ஐந்து மணிக்கு எழுந்து எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று சமைத்து வைத்துவிட்டு, பள்ளிக்குப் போய், வந்து, பாடத்தாள் திருத்தி, எனக்குக் காலையும் மாலையும் கஷாயம் கொடுத்தாள்.

இதற்கிடையில் டிஎம்-4 வெளியுலகத்துக்குப் போய்விட்டது. இரண்டு மூன்று வருடங்களில் ஊருக்கு ஊர் புள்ளி டெஸ்ட். ஜாதகத்தோடு ஸ்கேன் படமும் கேட்டார்கள். திருமணத் தகவல் செயலிகளில் 'புள்ளியற்றவர்' என்று ஒரு பிரிவு வந்தது. புள்ளிக்காரர்களுக்கு வீட்டுக்கடன் இல்லை, காப்பீடு இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர்களைக் கூட இறக்கிவிட்டார்கள்; புற்றுநோய் தொற்றாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், எதற்கு வம்பு என்றார்கள்.

எனக்கு மட்டும் ஒரு கெடுதலும் வரவில்லை. தன் கண்டுபிடிப்பாலேயே தன் முடிவை அறிந்துகொண்டவர் என்று மேடைக்கு மேடை பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டில் ஒரு பீரோ நிறைந்தது. தைரியமாக இருங்கள் என்று புள்ளிக்காரர்களுக்கு அறிவுரை சொல்வேன். அப்படி ஒரு கூட்டம் முடிந்து இறங்கும்போது பொள்ளாச்சிக்காரப் பெண் ஒருத்தி வழிமறித்தாள். பெயர் கௌசல்யா. இடது மார்பில் புள்ளி. புருஷன் அவளைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்தப் புள்ளியை எடுக்க வழியிருக்கிறதா என்று கேட்டாள். எடுக்க முடியாது, ஆனால் அதோடு வாழப் பழகலாம், என்னைப் பாருங்கள் என்று சொன்னேன்.

"உங்களப் பாத்துட்டுத்தான் இருக்கறனுங்க சார்" என்றாள். "உங்க புள்ளிக்கு மாலை போடறாங்க. என்னோடதுக்கு வீட்ட விட்டு முடுக்கறாங்க."

வீடு வந்து சேரும்வரை அவள் சொன்னது மனதை அறுத்தது. அடுத்த கூட்டத்தில் அதையே ஒரு உருக்கமான சம்பவமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

ஒவ்வொரு வருடமும் எனக்கு ஸ்கேன் எடுப்பார்கள். புள்ளி அதே இடத்தில், அதே அளவில் இருக்கும். பத்தியத்தின் மகிமை என்று சொல்லிக்கொண்டேன். ஏழாவது வருடம் பெனிட்டா தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"வளந்துருச்சா?" என்று கேட்டேன், பலமுறை ஒத்திகை பார்த்த குரலில்.

"இல்ல சார். உங்களுக்கு மட்டுமில்ல, அனேகமா யாருக்குமே வளரல. நாம தொடர்ந்து பாத்துட்டு வர்ற புள்ளிக்காரங்கள்ல கட்டி வந்தவங்க ரொம்ப ரொம்பக் கொஞ்சம். புள்ளி இல்லாதவங்களுக்கு எப்பவும் போல வந்துட்டுத்தான் இருக்கு."

இன்னும் காலம் போதவில்லையோ என்று இழுத்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். சிலருடைய புள்ளியிலிருந்து ஊசியால் மாதிரி எடுத்து, மூன்று இடங்களில் தனித்தனியாகப் பார்த்தாகிவிட்டது என்றார்.

"உங்க பெப்டைடு கெட்ட செல்லுல ஒட்டவே இல்ல சார். அந்தச் செல்லச் சுத்தி நின்னு, அத வளர விடாம அமுக்கி வச்சிருக்குற காவல் செல்லுங்க இருக்குல்லா, அதுலதான் ஒட்டுது. எலியில ரெண்டும் ஒரே எடத்துல இருந்ததுனால நமக்குப் பிரிச்சுத் தெரியல. காவல்காரனப் பாத்துக் கள்ளன்னு சொல்லிட்டோம்."

"அப்ப என் புள்ளி?"

"உங்க உடம்பு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீங்க ரொம்ப நாள் இருப்பீங்க சார்."

நான் சொல்வதை நம்புங்கள்: எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். பீரோ நிறையப் பொன்னாடையும், மன்னிக்கப்பட்ட பெரியப்பா மகனும், சூரிய உதயக் கட்டுரைகளும் இருக்க, எந்த முகத்தோடு உயிரோடு இருப்பது? அந்த ஏமாற்றம் தீர்வதற்குள் இன்னொன்று உறைத்தது. கழுவிவைத்த தட்டு மாதிரி ஒரு படம் கண்ணுக்குள் வந்தது.

"புள்ளி இல்லாதவங்களுக்கு?" என்றேன். இந்தமுறை என் சொந்தக் குரல்தான் வந்தது.

யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று பெனிட்டாவுக்குத் தெரியும்.

"கெட்ட செல்லே இல்லாம இருக்கலாம். இல்லன்னா, இருந்தும் காவல் இல்லாம இருக்கலாம். எதுன்னு இந்தப் படத்துல தெரியாது. இத்தன காலமா எல்லா மனுஷங்களும் எப்படி இருந்தாங்களோ, அப்படித்தான் சார்."

வீட்டுக்குப் போனபோது சுபாஷினி பிளஸ் டூ அரையாண்டுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எனக்கான கஷாயம் மூடி வைத்திருந்தது. நான் காவல் செல்லிலிருந்து ஆரம்பித்து, எலிக்குப் போய், மறுபடி பெனிட்டாவுக்கு வந்து, எல்லாவற்றையும் குழப்பிச் சொன்னேன். அவள் சிவப்புப் பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, அப்ப நீங்க சாக மாட்டீங்களா?"

"இப்போதைக்கு இல்ல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எங்கள் திருமண வாழ்க்கையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உப்பில்லாத ரசத்தைச் சொல்லிச் சிரித்தாள். பெரியப்பா மகனைச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் நிறுத்தியது தெரியாமல் நான் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கொழந்தைக்கு இப்ப ஆறு வயசு இருக்கும்" என்றாள்.

நான் அவள் காலடியில் உட்கார்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அதைத் தயார் செய்யவில்லை, அதனால் வாக்கியமாகவே வரவில்லை. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்காதீங்க என்றாள். கேட்டால் மன்னிக்க வேண்டியிருக்கும், இன்றைக்கு அதற்குத் தெம்பில்லை என்றாள்.

நாற்பத்திரண்டு வயதில் முயற்சி செய்யலாமே, இப்போது எத்தனையோ வழிகள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், சில நாட்கள் கழித்து. அவள் வேண்டாம் என்றாள். ஒரு ஆசையை விடுவதற்கு ஒரு தடவை பட்டது போதும், அதைத் திரும்பப் போய் எடுத்துவர முடியாது என்று சொன்னாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவளுக்கு எல்லாப் பரிசோதனைகளையும் எடுத்துவிடலாம் என்று மட்டும் விடாமல் நச்சரித்தேன். வழக்கமான சோதனைகளுக்கு வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வருகிறேன், அதற்குமேல் என் உடம்புக்குள் எட்டிப் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

பத்திரிகையாளர் கூட்டத்தில் நானே நின்று, என் கண்டுபிடிப்பு தவறு என்று சொன்னேன். புள்ளி நோயல்ல, புள்ளிக்காரர்களை ஒதுக்கியது அநியாயம், அந்த அநியாயத்துக்கு முதல் காரணம் நான் என்றேன். என்னுடைய மிகச் சிறந்த பேச்சு அதுதான். பொன்னாடை ஏதும் வரவில்லை. ஆனால் ஊர் நான் நினைத்ததைவிட வேகமாகத் திருந்தியது. திருந்தியது என்பது சரியான வார்த்தையா என்று தெரியவில்லை. ஒரே மாதத்தில் செயலிகளில் 'புள்ளி உள்ளவர் மட்டும்' என்று வரன் தேடினார்கள். புள்ளியற்ற மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்கவில்லை. காப்பீட்டுக்காரர்கள் அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டார்கள். மருத்துவமனைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, அதே மருந்தைக் 'காவல் ஸ்கேன்' என்று புதுப்பெயரில் விற்கலாம் என்றார். உங்கள் பெயரையே வைக்கலாம் என்றும் சொன்னார். ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கௌசல்யா போன் செய்தாள். புருஷன் பூவும் பழமுமாக வந்து கூப்பிட்டானாம்.

"போனீங்களா?"

"போகலீங்க சார். நாளைக்கு நீங்க மறுபடியும் தப்புன்னு சொன்னா, மறுபடியும் கொண்டாந்து விடுவாரு. பொள்ளாச்சியிலயே தையக் கடை வெச்சிருக்கறன். நல்லாப் போகுது."

நான் தலைவரிடம் முடியாது என்று சொன்னதற்குக் கௌசல்யாதான் காரணம் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த வாரம் சுபாஷினி ஒரு செய்தி சொன்னாள். தலைமையாசிரியை பதவி உயர்வை வருடாவருடம் அவள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியூர் போட்டால் என்னை யார் பார்த்துக்கொள்வது என்று. இந்த வருடம் கலந்தாய்வுக்குப் போய் வால்பாறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.

"நான்?" என்றேன்.

"வர்றதுன்னா வாங்க. அங்க பசு கெடையாது. சமையல் நீங்க."

போனேன். வேலையை விட்டுவிட்டு, இருபது வருடம் ஈயச் சுவருக்குள் இருந்தவன் மலைமேல் போய் மூன்று வேளையும் சமைத்தேன். முதல் மாதம் அட்டைக்கடி. இரண்டாம் மாதம், உப்பு எவ்வளவு போடுவது என்று ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். சுபாஷினி காலையில் மூடுபனிக்குள் பள்ளிக்கு நடந்து போவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எஸ்டேட் பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடுவார்கள். அவர்களிடம் அவள் பேசுகிற குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

என் புதிய வேலை கவலைப்படுவது. அவளுடைய எடை குறைந்ததா, சோறு பாதியில் வைத்தாளா, எழும்போது இடுப்பைப் பிடித்தாளா என்று கணக்கெடுத்துக்கொண்டே இருப்பேன். என்னை ஏழு வருடம் பார்த்துக்கொண்டபோது அவளுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா என்று ஒருநாள் கேட்டேன். இல்லை, எனக்குக் கவலைப்பட நேரம் ஏது, வேலை இருந்தது என்றாள்.

போன டிசம்பரில், சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் இரண்டு தடவை இருமினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளுக்கு எதிரே நின்றேன். மூன்றாவது தடவை இருமுகிறாளா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கேமரா மாதிரி பாக்காதீங்க. மனுசன் மாதிரி பாருங்க."

மனுஷன் எப்படிப் பார்ப்பான் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவளிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"மொதல்ல உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். வெளியே தேயிலைச் சரிவு மூடுபனியில் மறைந்துகொண்டிருந்தது. அவள் அன்றைக்குப் பள்ளியில் நடந்த ஏதோ ஒரு சண்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஆறாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர், ஒரு ரப்பர் பந்து. நடுவில் ஒருமுறை இருமினாள். பையன் பெயர் என்ன என்று கேட்டேன்.